மேக் முகவரி அட்டவணை: ஸ்விட்ச்சைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஐபி முகவரி பற்றி ஓரளவு தெரிந்திருக்கிறது. சப்நெட் கணக்குகூடப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் "192.168.10.45 என்கிற மெஷின் எந்த ஸ்விட்ச்சில், எந்த போர்ட்டில் இருக்கிறது?" என்று கேட்டால், ரேக்கைத் திறந்து கேபிளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். விடை ஸ்விட்ச்சுக்குள்ளேயே தயாராக இருக்கிறது. மேக் முகவரி அட்டவணை என்று அதற்குப் பெயர்: எந்தக் கருவியின் மேக் முகவரி (அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் எழுதிவைக்கும் பட்டியல். அதைப் படிக்கப் பழகிவிட்டால், எங்கே இருக்கிறதென்றே தெரியாத கருவியைத் தேடுவதும், லூப் (கேபிள்கள் வட்டமாக இணைந்து தகவல் சுற்றிக்கொண்டே இருப்பது) எங்கே விழுந்தது என்று கண்டுபிடிப்பதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடக்கும்.

மனத்தில் நிற்க வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான்: ஸ்விட்ச் கற்றுக்கொள்வது அனுப்புநர் முகவரியைப் பார்த்து, அனுப்பிவைப்பது பெறுநர் முகவரியைப் பார்த்து. கீழே வருகிற ஒவ்வொரு கோளாறையும் இந்த விதியை வைத்தே பிரித்துப் பார்க்கலாம்.

கட்டளைகளை அவற்றின் ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். உதாரணங்கள் சிஸ்கோ ஸ்விட்ச்சில் வருகிறபடி இருக்கும். மற்ற நிறுவனங்களின் ஸ்விட்ச்களில் கட்டளை மாறும், வேலை மாறாது.

ஏன் இப்படி ஒரு அட்டவணை?

முன்பு ஹப் இருந்தது. ஒரு போர்ட்டில் வந்த சிக்னலை மற்ற எல்லா போர்ட்டிலும் அப்படியே திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. பத்து பேர் இருந்தால் ஒருவர் பேசும்போது ஒன்பது பேர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல், மறுபடி அனுப்ப வேண்டும். இதைத் தீர்க்க 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் பிரிட்ஜ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. எந்த முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தானாகவே கற்றுக்கொண்டு, தேவையான பக்கம் மட்டும் ஃபிரேமை (ஈதர்நெட்டில் தகவல் போகும் பொட்டலத்தை) அனுப்பும். 1990இல் கல்பனா என்ற நிறுவனம் அதையே பல போர்ட்டுகளோடு ஈதர்ஸ்விட்ச் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ். நிறுவனத்துக்கு வைத்தது அவர் மனைவியின் பெயர். 1994இல் சிஸ்கோ அதை வாங்கியது. இன்று மேசைமேல் இருக்கிற ஐந்து போர்ட் ஸ்விட்ச் முதல் டேட்டா சென்டர் ஸ்விட்ச் வரை, அடிப்படை வேலை அந்த பிரிட்ஜ் செய்த அதே வேலைதான்.

ஃபிரேமில் ஸ்விட்ச் பார்ப்பது எதை?

ஈதர்நெட் ஃபிரேமின் தொடக்கத்தில் 6 பைட் பெறுநர் மேக் முகவரி, அடுத்த 6 பைட் அனுப்புநர் மேக் முகவரி. இந்த 12 பைட்தான் ஸ்விட்ச்சுக்கு முக்கியம். உள்ளே இருக்கும் ஐபி முகவரியை சாதாரண ஸ்விட்ச் இந்த வேலைக்காகத் திறந்து பார்ப்பதே இல்லை.

மேக் முகவரி என்பது 48 பிட். பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்முறையில் எழுதினால் 12 இலக்கம். முதல் பாதியான 24 பிட்டை ஐஇஇஇ அமைப்பு தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒதுக்கித் தருகிறது. மீதிப் பாதியை நிறுவனம் ஒவ்வொரு கருவிக்கும் வேறுபடுத்தி வைக்கிறது. அதனால்தான் முதல் ஆறு இலக்கத்தை வைத்து "இது இன்ன கம்பெனி கேமரா" என்று சொல்ல முடிகிறது.

ஒரு நடைமுறைச் சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே முகவரியை விண்டோஸ் 52-54-00-12-34-45 என்று கோடு போட்டுக் காட்டும். லினக்ஸ் 52:54:00:12:34:45 என்று காட்டும். சிஸ்கோ ஸ்விட்ச் 5254.0012.3445 என்று நான்கு நான்காகப் புள்ளி வைத்துக் காட்டும். விண்டோஸிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒரு ஸ்விட்ச் பட்டியலில் தேடினால், அது அங்கே இருந்தாலும் கிடைக்காது. வடிவத்தை மாற்றிவிட்டுத் தேடுங்கள். புதியவர்கள் அரை மணி நேரம் தொலைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஃபிரேம் வந்ததும் என்ன நடக்கிறது?

ஒரு ஃபிரேம் 3ஆம் போர்ட்டில் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்ச் முதலில் அனுப்புநர் முகவரியைப் பார்க்கும். அந்த முகவரி அட்டவணையில் இல்லை என்றால் "இந்த முகவரி, இந்த விலான், 3ஆம் போர்ட்" என்று புதிதாக ஒரு வரி எழுதும். (ஸ்விட்ச்சின் போர்ட்டுகளைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரித்தால், அதில் ஒரு பிரிவுதான் விலான்.) ஏற்கெனவே இருந்தால் அதன் கடிகாரத்தை மறுபடி தொடக்கத்துக்குத் திருப்பிவைக்கும். வேறு போர்ட்டில் இருப்பதாக எழுதியிருந்தால், பழையதை அடித்துவிட்டு 3 என்று மாற்றும். கேள்வி எதுவும் கேட்காது. கடைசியாக எங்கிருந்து வந்ததோ அதுதான் அதற்கு உண்மை. இந்தக் கண்மூடித்தனமான நம்பிக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம்தான் பெறுநர் முகவரி. அது அட்டவணையில் 7ஆம் போர்ட்டில் இருக்கிறது என்றால் 7இல் மட்டும் அனுப்பும். அதே 3ஆம் போர்ட்டில்தான் இருக்கிறது என்றால் ஃபிரேமைக் கீழே போட்டுவிடும், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். அட்டவணையில் இல்லவே இல்லை என்றால், வந்த போர்ட்டைத் தவிர அதே விலானில் இருக்கும் மற்ற எல்லா போர்ட்டிலும் அனுப்பும். இதற்குத்தான் ஃபிளட் என்று பெயர். பெறுநர் முகவரியில் 48 பிட்டும் 1 ஆக இருந்தால் அது பிராட்காஸ்ட். அதையும் எல்லா போர்ட்டிலும் அனுப்பியாக வேண்டும். பிராட்காஸ்ட் முகவரி எந்த ஃபிரேமிலும் அனுப்புநராக வராது, ஆகவே அதை ஸ்விட்ச் எந்த போர்ட்டுக்கும் உரியதாகக் கற்கவும் முடியாது.

கையால் செய்து பாருங்கள்

படித்தால் மட்டும் போதாது, ஒருமுறையாவது அட்டவணை நிரம்புவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள், அவர்களுடைய நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். அதில் ஒரு 2960 ஸ்விட்ச், மூன்று கணினிகள் வையுங்கள். ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1, 0/2, 0/3 ஆகிய போர்ட்டுகளில் வரிசையாக இணையுங்கள். கணினிகளுக்கு 192.168.10.11, 12, 13 என்று முகவரி கொடுங்கள், மாஸ்க் 255.255.255.0.

இணைத்தவுடன் ஸ்விட்ச் பக்கத்து விளக்கு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சுமார் 30 விநாடி பொறுங்கள். லூப் விழாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்ற நெறிமுறை 15 விநாடி கவனித்துவிட்டு, அடுத்த 15 விநாடி கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகே போர்ட்டைத் திறக்கும். இரண்டாவது 15 விநாடியில் ஸ்விட்ச் ஃபிரேம்களை அனுப்பாது, ஆனால் முகவரிகளை மட்டும் குறித்துக்கொள்ளும்.

பச்சை வந்ததும் ஸ்விட்ச்சின் கட்டளைத் திரையில் "எனேபிள்" கொடுத்து, "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்" என்று அடியுங்கள். காலியாக இருக்கும். மூன்று கணினிகளும் இணைந்திருக்கின்றன, விளக்கும் பச்சை, ஆனாலும் ஸ்விட்ச்சுக்கு அவற்றில் ஒன்றைக்கூடத் தெரியாது. யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது முதல் கணினியிலிருந்து "பிங் 192.168.10.12". பிறகு மறுபடி அட்டவணையைப் பாருங்கள். இரண்டு வரிகள் இருக்கும்: முதல் கணினி 0/1இல், இரண்டாவது 0/2இல். மூன்றாவது கணினி இன்னும் இல்லை. இது ஏன் என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம். முதல் கணினி "192.168.10.12 யார்?" என்று ஆர்ப் கேள்வியை (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்கும் கேள்வி) பிராட்காஸ்டாக அனுப்பியது, அப்போதே ஸ்விட்ச் அதன் முகவரியைக் கற்றது. கேள்வி மூன்றாவது கணினிக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது தன்னைப் பற்றியது இல்லை என்பதால் மூன்றாவது கணினி பதில் சொல்லவில்லை. காதில் வாங்கியவரை ஸ்விட்ச் கற்பதில்லை, பேசியவரைத்தான் கற்கும். இரண்டாவது கணினி பதில் சொன்னது, அதனால் அது பட்டியலில் ஏறியது.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. "கிளியர் மேக் அட்ரஸ்-டேபிள் டைனமிக்" கொடுத்து அட்டவணையைத் துடைத்துவிடுங்கள். பேக்கெட் டிரேசரை சிமுலேஷன் முறைக்கு மாற்றிவிட்டு, முதல் கணினியிலிருந்து மறுபடி 12க்கு பிங் செய்யுங்கள். இந்த முறை ஆர்ப் கேள்வி எழாது, இரண்டாவது கணினியின் மேக் முகவரி முதல் கணினியின் நினைவில் இன்னும் இருக்கிறது. அதனால் நேராக பிங் ஃபிரேமே கிளம்பும், சரியான பெறுநர் முகவரியோடு. ஆனால் ஸ்விட்ச்சுக்கு அந்த முகவரி மறந்துவிட்டது. என்ன செய்யும்? இரண்டு பக்கமும் அனுப்பும். சின்ன உறை மூன்றாவது கணினிக்கும் போய், அங்கே சிவப்புக் குறியோடு நிராகரிக்கப்படுவதைத் திரையில் பார்ப்பீர்கள். ஒருவருக்கென்று எழுதிய ஃபிரேம் சம்பந்தமில்லாதவர் வாசலுக்கும் போகிறது. இதற்கு அன்னோன் யூனிகாஸ்ட் ஃபிளடிங் என்று பெயர். பெரிய நெட்வொர்க்குகளில் தலைவலி தருவதும் இதுவே.

கடைசியாக, இரண்டாவது கணினியின் கேபிளை 0/2இலிருந்து எடுத்து 0/5இல் செருகுங்கள். பச்சை வந்ததும் அங்கிருந்து ஒரு பிங். அட்டவணையில் அந்த முகவரி 0/5க்கு மாறியிருக்கும்.

லினக்ஸ் பழக்கமிருந்தால் அதிலும் ஒரு மென்பொருள் பிரிட்ஜ் உருவாக்கி "பிரிட்ஜ் எஃப்டிபி ஷோ" (எஃப்டிபி என்பது ஃபார்வர்டிங் டேட்டாபேஸ்) என்று பார்க்கலாம். விர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகிற சர்வரில் இது அன்றாடத் தேவை.

உண்மையான ஸ்விட்ச்சில் அட்டவணை

நிஜ ஸ்விட்ச்சில் இதே கட்டளையைக் கொடுத்தால் மேலே ஒரு கொத்து வரிகள் ஸ்டாட்டிக், சிபியு என்று வரும். பெரும்பாலும் 01 என்று தொடங்கும் முகவரிகள். ஸ்பேனிங் ட்ரீ போன்ற நெறிமுறைகளுக்கு ஸ்விட்ச் தனக்காக ஒதுக்கியவை அவை, கண்டுகொள்ள வேண்டாம். கீழே டைனமிக் என்று இருப்பவைதான் உங்களுக்குத் தேவை. விலான், மேக் முகவரி, வகை, போர்ட் என்று நான்கு பத்திகள் இருக்கும்.

விலான் பத்தி முதலில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்விட்ச் முகவரியைத் தனியாகத் தேடுவதில்லை, விலானும் முகவரியும் சேர்ந்த ஜோடியைத் தேடுகிறது. ஒரே மேக் முகவரி விலான் 10இல் ஒரு போர்ட்டிலும் விலான் 20இல் வேறு போர்ட்டிலும் இருக்கலாம், அது தவறில்லை. பல விலான்களில் ஒரே முகவரியோடு பேசும் ரூட்டர் இருக்கிற இடத்தில் இதைப் பார்ப்பீர்கள்.

கொள்ளளவும் உண்டு. கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்ச்சில் சுமார் 8,000 முகவரிகள், கேட்டலிஸ்ட் 9300இல் 32,000. "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் கவுண்ட்" எத்தனை நிரம்பியிருக்கிறது என்று சொல்லும்.

300 விநாடி

ஒரு முகவரியிலிருந்து 300 விநாடி, அதாவது ஐந்து நிமிடம், ஒரு ஃபிரேமும் வரவில்லை என்றால் ஸ்விட்ச் அந்த வரியை நீக்கிவிடும். பெரும்பாலான ஸ்விட்ச்களிலும் லினக்ஸ் பிரிட்ஜிலும் இதுதான் தொடக்க மதிப்பு. மாற்ற வேண்டுமானால் "மேக் அட்ரஸ்-டேபிள் ஏஜிங்-டைம் 600" என்பதுபோல் கொடுக்கலாம். போர்ட்டின் இணைப்பு அறுந்தால் ஐந்து நிமிடம் காத்திருக்காது, அந்த போர்ட்டில் கற்ற வரிகளை உடனே நீக்கிவிடும்.

கவனியுங்கள்: யாருக்காவது ஃபிரேம் போய்க்கொண்டே இருப்பதால் அவருடைய வரி உயிரோடு இருப்பதில்லை. அவர் பேசினால்தான் கடிகாரம் திரும்பும். இதிலிருந்து பிறக்கும் ஒரு கோளாறை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்தவுடன் புரியாத வகை அது.

எல்லாக் கருவிகளும் தங்கள் பதிவுகளை அனுப்பிவைக்கும் ஒரு லாக் சர்வர் இருக்கிறது. யூடிபி வழியாக வருவதால் அது பதில் சொல்ல வேண்டியதில்லை. ரூட்டர் அந்த சர்வரின் மேக் முகவரியை ஒருமுறை ஆர்ப் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. சிஸ்கோ ஐஓஎஸ் ரூட்டரில் ஆர்ப் நினைவு 4 மணி நேரம் நிற்கும். ஸ்விட்ச்சின் நினைவோ ஐந்து நிமிடம். சர்வர் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்தால் ஸ்விட்ச் அதை மறந்துவிடும். ரூட்டர் மறக்கவில்லை, அதனால் மறுபடி கேட்கவும் போவதில்லை. விளைவு, சர்வருக்கு வருகிற எல்லா லாக் ஃபிரேம்களும் அந்த விலானில் இருக்கும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஃபிளட் ஆகும். சர்வருக்குத் தகவல் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். சம்பந்தமில்லாத போர்ட்டுகளின் விளக்கு மட்டும் ஓயாமல் மின்னிக்கொண்டிருக்கும். போகிற பாதை ஒன்று, திரும்புகிற பாதை வேறு என்று இரண்டு ரூட்டர்கள் இருக்கும் நெட்வொர்க்கிலும் இதே கதைதான்.

தீர்வு எளிது: ஆர்ப் நினைவு, ஸ்விட்ச்சின் நினைவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போது ரூட்டர் முன்கூட்டியே கேள்வி கேட்கும், சர்வர் பதில் சொல்லும், அந்தப் பதிலால் ஸ்விட்ச்சின் வரி புதுப்பிக்கப்படும். சிஸ்கோவின் நெக்சஸ் ஸ்விட்ச்களில் ஆர்ப் 1500 விநாடி, மேக் அட்டவணை 1800 விநாடி என்று தொடக்கத்திலேயே வைத்திருப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று. ஸ்பேனிங் ட்ரீயில் பாதை மாறினால் பழைய வரிகள் தவறான போர்ட்டைக் காட்டும். அதனால் பழைய ஸ்பேனிங் ட்ரீ, ஆயுளைத் தற்காலிகமாக 15 விநாடியாகக் குறைத்துவிடும்; ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ சம்பந்தப்பட்ட வரிகளை உடனே துடைத்துவிடும். ஊழியர்களின் கணினி போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (அந்த 30 விநாடி காத்திருக்காமல் போர்ட்டை உடனே திறக்கும் அமைப்பு) போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். போடாவிட்டால், ஒவ்வொருவரும் கணினியைப் போட்டு நிறுத்தும்போதெல்லாம் நெட்வொர்க் முழுக்க அட்டவணை கலைந்து ஃபிளட் ஆகும்.

கருவியைத் தேடிப் பிடிப்பது

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 192.168.10.45 எங்கே?

முதலில் அந்த சப்நெட்டின் கேட்வேயாக இருக்கும் ரூட்டரிலோ லேயர் 3 ஸ்விட்ச்சிலோ (ரூட்டர் வேலையும் செய்யும் ஸ்விட்ச்) நுழைந்து அந்த ஐபிக்கு பிங் செய்யுங்கள். பிங்குக்குப் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. ஃபயர்வால் பிங்கைத் தடுக்கலாம், ஆனால் ரூட்டரின் நினைவில் அதன் மேக் முகவரி இல்லாதபோது எழும் ஆர்ப் கேள்விக்குக் கருவி பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில் வழியிலுள்ள எல்லா ஸ்விட்ச்களின் அட்டவணையையும் புதுப்பித்துவிடும்.

உடனே "ஷோ ஐபி ஆர்ப் 192.168.10.45". மேக் முகவரி கிடைக்கும், 5254.0012.3445 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் அட்ரஸ் 5254.0012.3445". ஜிகாபிட் 0/1 என்று வருகிறது. உடனே ஓடிப்போய் அந்தக் கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். அது அடுத்த ஸ்விட்ச்சுக்குப் போகும் அப்லிங்க்காக இருந்தால் ஒரு மாடி முழுக்க இணைப்பு போய்விடும். "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் இன்டர்ஃபேஸ் ஜிகாபிட்ஈதர்நெட் 0/1" கொடுத்துப் பாருங்கள். வரி வரியாகப் பல முகவரிகள் கொட்டினால் அந்தப் பக்கம் இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது. "ஷோ சிடிபி நெய்பர்ஸ் டீடெயில்" அல்லது "ஷோ எல்எல்டிபி நெய்பர்ஸ் டீடெயில்" அது எந்த ஸ்விட்ச், அதன் ஐபி என்ன என்று சொல்லும். போர்ட்டின் பெயர் பிஓ1 என்று வந்தால் அது பல கேபிள்களைச் சேர்த்த போர்ட்-சேனல். "ஷோ ஈதர்சேனல் சம்மரி" அதில் எந்தெந்த போர்ட்டுகள் என்று காட்டும்.

அடுத்த ஸ்விட்ச்சில் நுழைந்து அதே முகவரியைத் தேடுங்கள். இப்படியே போனால், ஒரே ஒரு முகவரி மட்டும் தெரிகிற போர்ட்டில் வந்து நிற்பீர்கள். அதுதான் உங்கள் ஆள்.

சில சமயம் முடிவில் நிற்கும் போர்ட்டிலும் நான்கைந்து முகவரிகள் இருக்கும், அண்டை ஸ்விட்ச் எதுவும் தெரியாது. அங்கே யாரோ மேசைக்கடியில் சாதாரண ஸ்விட்ச் ஒன்றை வைத்திருக்கலாம். வைஃபை ஆக்சஸ் பாயின்ட் இருக்கலாம். விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வராக இருக்கலாம். முகவரிகளைப் பாருங்கள். 0050.56 என்று தொடங்கினால் விஎம்வேர், 5254.00 என்றால் பெரும்பாலும் லினக்ஸ் கேவிஎம். முகவரியின் இரண்டாவது இலக்கம் 2 அல்லது 6 ஆகவோ, ஏ அல்லது ஈ ஆகவோ இருந்தால், அது தயாரிப்பு நிறுவனம் தந்த முகவரி இல்லை, மென்பொருள் தானாக வைத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10, ஐபோனின் ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபையில் இப்படிப்பட்ட தற்காலிக முகவரியோடுதான் வருகின்றன. அங்கே நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பயனில்லை.

முகவரி இரண்டு போர்ட்டுக்கிடையே தாவினால்

ஸ்விட்ச் பதிவில் "மேக்ஃபிளாப்" என்று ஒரு செய்தி வரும்: இன்ன முகவரி, இன்ன விலானில், 0/3க்கும் 0/7க்கும் இடையில் மாறி மாறித் தெரிகிறது என்று. ஸ்விட்ச் கடைசியாகக் கேட்டதை நம்பும் என்று சொன்னேன் அல்லவா, அதன் விளைவு இது.

எத்தனை முகவரிகள் தாவுகின்றன என்று முதலில் எண்ணுங்கள். பல முகவரிகள் ஒரே நேரத்தில் அதே இரண்டு போர்ட்டுக்கிடையே தாவினால் லூப் என்று எடுத்துக்கொண்டு வேகமாக வேலை செய்யுங்கள். ஐபி பேக்கெட்டில் டிடிஎல் என்ற எண் உண்டு, சுற்றிச் சுற்றி வந்தால் ஒரு கட்டத்தில் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. 0/3இல் வந்த பிராட்காஸ்ட் 0/7 வழியாக வெளியே போய், லூப்பில் சுற்றி மறுபடி வரும்போது அதே அனுப்புநர் முகவரியோடு வருகிறது. ஸ்விட்ச் அந்த ஆள் இடம் மாறிவிட்டதாக எழுதிக்கொள்கிறது. இரண்டு போர்ட்டில் ஒன்றை "ஷட்டவுன்" செய்யுங்கள், சத்தம் அடங்கும். பிறகு கேபிளைத் தேடுங்கள். அலுவலகத்தில் சுத்தம் செய்யும்போது தரையில் கிடந்த கேபிள் முனையைச் சுவரில் காலியாக இருந்த சாக்கெட்டில் செருகிவிடுவது வழக்கமான காரணம். அந்த போர்ட்டுகளில் பிபிடியு கார்டு (ஸ்பேனிங் ட்ரீயின் பிபிடியு செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) போட்டிருந்தால் ஸ்விட்ச்சே போர்ட்டை மூடியிருக்கும்.

ஒரே ஒரு முகவரி மட்டும் தாவினால் பதற்றம் வேண்டாம். லேப்டாப் ஒரு ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கலாம். விர்ச்சுவல் மெஷின் ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருக்கலாம். மாறியவுடன் புதிய இடத்திலிருந்து ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேமை வேண்டுமென்றே அனுப்பித் தன் இடத்தை ஸ்விட்ச்களுக்குத் தெரிவிக்கும், அது நல்ல பழக்கம். ஓயாமல் தாவுகிறதென்றால் ஒரே மேக் முகவரியோடு நகலெடுத்த இரண்டு விர்ச்சுவல் மெஷின்களைத் தேடுங்கள், அல்லது சர்வரின் இரண்டு கேபிள்களில் டீமிங் (இரண்டையும் ஒரே இணைப்பாகச் சேர்ப்பது) தவறாக அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அட்டவணையை வேண்டுமென்றே நிரப்பினால்

அனுப்புநர் முகவரியை ஸ்விட்ச் அப்படியே நம்புகிறது. அனுப்புநர் முகவரியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டக் சாங் வெளியிட்ட டிஸ்னிஃப் தொகுப்பில் மேக்ஆஃப் என்ற கருவி இருக்கிறது. கற்பனை முகவரிகளோடு ஃபிரேம்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். 8,000 இடங்கள் நிரம்ப அதிக நேரம் ஆகாது. நிரம்பிய பிறகு புதிய உண்மையான முகவரிகளுக்கு இடமில்லை. அவர்களுக்கான ஃபிரேம்கள் எல்லா போர்ட்டிலும் ஃபிளட் ஆகும். தாக்குபவர் தன் போர்ட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். ஸ்விட்ச் பழைய ஹப்பாக மாறிவிடுகிறது. சொந்த லேபில் தவிர வேறெங்கும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

தடுப்பது போர்ட் செக்யூரிட்டி. ஒரு போர்ட்டில் இத்தனை முகவரிகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கலாம். போர்ட்டுக்குள் நுழைந்து முதலில் "ஸ்விட்ச்போர்ட் மோட் அக்சஸ்" கொடுங்கள். தானாக முடிவெடுக்கும் நிலையில் போர்ட் இருந்தால் கட்டளையை ஏற்காது. பிறகு "ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி மேக்ஸிமம் 2", அடுத்து "ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி மேக்-அட்ரஸ் ஸ்டிக்கி", அடுத்து "ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி வயலேஷன் ரெஸ்ட்ரிக்ட்". கடைசியாக எதுவும் சேர்க்காமல் வெறும் "ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி". இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் மேலே எழுதியது எதுவும் வேலை செய்யாது.

வரம்பை யோசித்து வையுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் வரம்பு 1, மீறினால் போர்ட் எர்-டிசேபிள்டு நிலைக்குப் போய் மூடிக்கொள்ளும். மேசையில் ஐபி போன் இருந்து அதன் பின்னால் கணினி இருந்தால் இரண்டு முகவரிகள் கண்டிப்பாகத் தெரியும். சில போன்கள் சாதாரண விலானிலும் குரல் விலானிலும் தனித்தனியாகத் தெரிவதால் மூன்றாகவும் ஆகலாம். புதிதாக அமைப்பவர்கள் ரெஸ்ட்ரிக்ட் வைத்துத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. மீறும் ஃபிரேம்களைத் தடுக்கும், எண்ணிக்கையும் வைக்கும், ஆனால் ஊழியரின் இணைப்பை முழுதாக அறுக்காது.

ஸ்டிக்கி முறையில் கற்ற முகவரிகள் மேக் அட்டவணையில் ஸ்டாட்டிக் என்று காட்டும், 300 விநாடி விதி அவற்றுக்குப் பொருந்தாது. அவை ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில்தான் எழுதப்படுகின்றன. "காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்" கொடுத்துச் சேமிக்காவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் காணாமல் போய்விடும்.

இதோடு ஒட்டியே வரும் புகார் ஒன்று உண்டு. ஊழியர் ஒருவர் இருக்கை மாறுகிறார், கணினியைப் புதிய மேசையில் இணைக்கிறார், நெட்வொர்க் வரவில்லை. கேபிள் சரி, ஐபி அமைப்பும் சரி. அவருடைய முகவரி பழைய போர்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே விலானில், போர்ட் செக்யூரிட்டி உள்ள வேறொரு போர்ட்டில் அது தெரிந்தால் ஸ்விட்ச் அதை மீறலாகக் கணக்கிடும். "ஷோ போர்ட்-செக்யூரிட்டி அட்ரஸ்" கொடுத்து முகவரி எந்த போர்ட்டில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய போர்ட் 0/2 என்றால் "கிளியர் போர்ட்-செக்யூரிட்டி ஸ்டிக்கி இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/2". புதிய போர்ட் எர்-டிசேபிள்டு ஆகியிருந்தால் அதில் "ஷட்டவுன்", பிறகு "நோ ஷட்டவுன்". கணினியிலிருந்து ஒரு பிங் போகட்டும். அட்டவணையில் முகவரி புதிய போர்ட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு, அமைப்பைச் சேமித்துவிடுங்கள்.